உண்மை விசுவாசமும் திருச்சபையின் எதிர்காலமும்: பேராயர் அசரியாவின் பார்வை

அயல்நாட்டுப் பணத்தையும் தலைமையையும் சார்ந்த திருச்சபை இந்தியாவில் நிலைக்குமா என்ற கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பியவர் போதகர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அவர், இந்தியரின் காணிக்கையிலேயே இயங்கும் இந்திய மிஷனரி சங்கம் 1903-இல் திருநெல்வேலியில் உருவாக முக்கியப் பங்காற்றினார்.

1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் இந்தியரிடம் நண்பர்களாகப் பழக வேண்டும் என வலியுறுத்தினார். 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கு ஞானஸ்நானம் பெற்றோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட கிராம மக்கள். அவர்கள் ஒவ்வொருவரும் நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்க உறுதி ஏற்றனர். நம்பிக்கை வாழ்விலும் சாட்சியிலும் வெளிப்பட வேண்டும் என்பதும், சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்பதும் அவரது நிலைப்பாடு.

ஐரோப்பிய வரலாற்றில் தோன்றிய சபைப் பிரிவுகளை இந்தியர் சுமக்கத் தேவையில்லை என்றும் அவர் கருதினார். இதை முன்வைத்து 1919-இல் தரங்கம்பாடியில் கூடியோர் சபை ஒன்றிப்புக்கு அழைப்பு விடுத்தனர். அசரியா 1945-இல் காலமானார். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. கேரளம் உள்ளிட்ட தென்மாநிலங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அது இயங்குகிறது.

சபைப் பிரிவுக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது. சாதிப் பாகுபாடு குறித்த விவாதமோ இன்றும் திருச்சபைகளுக்குள் தொடர்கிறது.