கத்திரி வெயிலும் ஆற்றுப் பள்ளமும்

மே மாதம் கத்திரி தொடங்கும்போது பிள்ளைகளுக்கும் விடுமுறை. வெயில் தாங்காமல் கிணறு, குளம், ஆறு, கல்குவாரிக் குட்டை என்று தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்கள். அதட்டி எத்தனை நாள் நிறுத்த முடியும்? எந்தத் தண்ணீர், யார் துணைக்கு என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவதே நல்லது.

முதலில் வெயில். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை. அது காய்ந்தால்தான் சூடு இறங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. அதனால் 36 டிகிரி செல்சியஸ்கூட அங்கே ஆளைத் தள்ளிவிடும். வெயிலில் வேலை செய்தவர் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ வெப்பத்தாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இனி தண்ணீர். காவிரி, கொள்ளிடம் போன்ற ஆறுகளில் மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆள் உயரப் பள்ளத்தில் இறங்கிவிடுவார். ஓரத்து மணல் காலடியில் சரிவதால் ஏறவும் முடியாது. போன வருஷம் குளித்த துறைதானே என்று நம்பி இறங்காதீர்கள். இடையில் ஒரு வெள்ளம் வந்திருந்தால் ஆற்றின் அடியே மாறியிருக்கும். குவாரிக் குட்டையில் பாறை செங்குத்தாக இறங்குகிறது, பிடித்து ஏற இடமே இருக்காது. அங்கே பிள்ளைகளை விடவே கூடாது.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கத்த எங்கே முடியும்? சிறு பிள்ளை சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் மூழ்கிவிடும். ஆகவே, சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், செல்போன் பையில் இருக்க வேண்டும்.

ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் மூழ்கிய செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். ஒரு பிள்ளை வழுக்குகிறது, அக்கா இறங்குகிறாள், அவளைக் காப்பாற்ற அப்பா குதிக்கிறார். மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதை இறுகப் பிடிப்பார், காப்பாற்ற வந்தவரின் கழுத்தாக இருந்தாலும். நீச்சல் தெரிந்தவரையும் அந்தப் பிடி உள்ளே இழுத்துவிடும். எனவே குதிக்காமல் எதையாவது வீசுங்கள்: கயிறு, மூங்கில் கழி, முடிச்சுப் போட்ட வேட்டி, மூடி இறுக்கிய காலி கேன், லாரி டியூப். துணியையோ கழியையோ நீட்டினால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இழுங்கள். நின்றபடி இழுத்தால் நீங்களும் உள்ளே போவீர்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களை மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் சமயோசிதத்தை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். மூச்சுக்குத் தவிப்பவருக்கு அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நடு மார்பில் 30 முறை அழுத்தம், 2 முறை ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். மீண்டவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.