திரும்பி வந்த குட்டிகள்

நோர்வேயின் வடக்கே, லோபோட்டன் தீவுக்கூட்டத்தில் வாரோய் என்றொரு தீவு உண்டு. அங்கே மோஸ்டாட் என்னும் சிற்றூர் மக்கள், பாறைப் பொந்துகளில் வாழும் பபின் என்ற கடற்பறவையைப் பிடிக்க லுண்டஹுண்ட் என்னும் நாயினத்தை வளர்த்தனர். காலுக்கு ஆறு விரல்கள் கொண்ட இந்நாய் வழுக்குப் பாறையிலும் ஏறும்.

பறவை பிடிக்க வலை வந்ததும் மற்றைய ஊர்கள் நாயைக் கைவிட்டன. மோஸ்டாட் கைவிடவில்லை. 1930களின் இறுதியில் எலனர் கிறிஸ்டி என்ற பெண்மணி அவ்வூரிலிருந்து நான்கு நாய்களைப் பெற்றுத் தென்பகுதியில் பெருக்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டிஸ்டெம்பர் நோய் தீவின் நாய்களை அழித்தது. கிறிஸ்டி குட்டிகளைத் தீவுக்கு அனுப்பினார். பின்னர் அவரது நாய்களையும் அந்நோய் கொன்றது. அப்போது தீவு அவருக்கு நாய்களைக் கொடுத்தது.

1960களில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே எஞ்சின. அவற்றின் வழிவந்தவை இன்று பல நாடுகளில் உள்ளன. அமெரிக்கக் கெனல் கழகம் 2011இல் இவ்வினத்தை ஏற்றது. ஆயினும் நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகியதால் குடல்நோய் இவற்றை வாட்டுகிறது. எனவே நோர்வேயில் வேறு இன நாய்களுடன் கலந்தும் பார்க்கின்றனர்.

மோஸ்டாட் மக்களும் பின்னர் ஊரைவிட்டு வெளியேறினர். ஊர் வெறுமையானது, நாய் பிழைத்தது.

விதைநெல்லோ நாட்டுக்கோழியோ எம்மிடம் மட்டும் இருந்தால், எம்மோடு அழியும். ஒரு பிடியை அயலவரிடம் கொடுத்து வைப்போம். நாம் இழந்தாலும் அது அங்கிருந்து எம்மிடம் திரும்பி வரும்.