மீன் தொட்டியில் உயிர்ச் செடி வளர்ப்பது எப்படி?



நம்மில் பலர் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. ஆனால் அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் செடிதான். ஏன் என்று கேட்டால், "உயிர்ச் செடி வச்சோம், அழுகிப் போச்சுடா" என்பார்கள். எனக்கும் இரண்டு தடவை கெட்டுப்போனது. மூன்றாவது தடவைதான் பிழைத்தது. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

செடி அழகுக்கு மட்டும் இல்லை. மீன் கழிவிலிருந்தும், மீன் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். செடிக்கோ அதுவே உணவு. பகலில் வெளிச்சம் இருந்தால் ஆக்சிஜனும் வெளியிடும். அறிவியல் ஆய்வகத்தில் ஒரு செடியைப் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, குமிழி வருவதைப் பார்க்கிறோமே, அந்த ஹைட்ரில்லாதான் மீன் தொட்டிக்கும் முதல் செடி. நான் அதை விட்டுவிட்டுக் கடையில் அழகாக இருந்ததை வாங்கினேன். அங்கேதான் முதல் தப்பு.

கடையில் தண்ணீருக்குள் வைத்து விற்பதெல்லாம் நீர்த் தாவரம் இல்லை. நான் வாங்கியது மூங்கில் மாதிரி இருக்கும், அதிர்ஷ்டச் செடி என்று விற்பார்கள். அது நிலத்துச் செடி. வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும். இலையோடு முழுக்க மூழ்கடித்தால் கொஞ்ச நாளில் அழுகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. செடியைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பாருங்கள். விறைப்பாக நின்றால் பெரும்பாலும் நிலத்துச் செடி. ஈரத் துணி மாதிரி துவண்டு விழுந்தால் நீர்ச் செடி. அதைத் தண்ணீரே தாங்கிப் பிடிப்பதால் அதன் தண்டுக்குக் கெட்டித்தன்மை தேவையில்லை.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம்ம ஓசூர், கெலமங்கலம் பக்கம் ரோஜாப் பண்ணைகள் அதிகம். எங்கள் வீட்டிலும் ரோஜாச் செடிக்குப் போடும் உரம் இருந்தது. ரோஜாவுக்கு நல்லது என்றால் பாசிக்கும் நல்லதுதானே என்று ஒரு ஸ்பூன் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் 6 மீனில் 4 மிதந்தது. உரத்தில் இருந்தது அம்மோனியம். நம் போர் தண்ணீர் போலக் காரத்தன்மை உள்ள தண்ணீரில் அம்மோனியத்தில் ஒரு பங்கு விஷ அம்மோனியாவாக மாறிவிடும். தொட்டிச் செடிக்கு மீன் கழிவே ஆரம்பத்தில் போதும். என் தங்கை இன்னும் என்னை "உரக்கடை" என்றுதான் கூப்பிடுகிறாள்.

போர் தண்ணீர் என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது உப்புத் தண்ணீரின் அடையாளம். சில வெளிநாட்டுச் செடிகளுக்கு அந்தக் கடின நீர் ஒத்துவராது. ஆனால் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் அந்தத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அதனால் இங்கே நன்றாக வரும். கப்பி, மோலி மீன்களுக்கும் அந்தத் தண்ணீர் பிடிக்கும். தங்க மீன் வேண்டாம், அது செடியை மேய்ந்துவிடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போவதற்கு 2 நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வாலிஸ்நேரியா ரிப்பன் போன்ற நீள இலை உள்ளது. தண்ணீர் மூலம் மகரந்தச் சேர்க்கைக்குப் பாடத்தில் உதாரணம் சொல்வார்களே, அதேதான். நடும்போது வேர் மட்டும் மணலுக்குள் போக வேண்டும். இலை கிளம்பும் குருத்து புதைந்தால் அழுகும். ஹைட்ரில்லா அப்படி இல்லை. சாண் நீளத்துக்கு ஒடித்து, நாலைந்தாகச் சேர்த்து நட்டால் போதும்.

கொட்டி என்று ஒரு செடி. மூதுரையில் ஔவையார் குளம் வற்றினாலும் அதைவிட்டுப் போகாத செடிகளைச் சொல்கிறாரே, அதில் ஒன்று. கொட்டி இனச் செடிகளையும் மீன் தொட்டியில் வளர்க்கிறார்கள். திடீரென்று இலையெல்லாம் உதிர்ந்துபோகும், செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அடியில் கிழங்கு உயிரோடு இருக்கும், சில மாதம் தூங்கிவிட்டுத் திரும்பத் துளிர்க்கும்.

ஏரியிலிருந்து எடுப்பவர்கள் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வேண்டாம். அங்கே தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவதைப் பலமுறை பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரில்லா தண்ணீரில் உள்ள உலோகக் கழிவையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எங்கே எடுத்தாலும் நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். நான் கொண்டுவந்த பாசியில் ஒரு தும்பிப் புழு ஒளிந்திருந்தது. தொட்டியில் விட்டிருந்தால் மீன் குஞ்சுகளைத் தின்றிருக்கும்.

வெளிச்சம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் டியூப் லைட் போதும். நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். செடியை அளவுக்கு மீறி நெருக்கவும் கூடாது. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பாதிச் செடியை எடுத்துவிடுங்கள்.

எடுத்த செடியை எங்கே போடுவது? சாக்கடையிலோ ஏரியிலோ தயவுசெய்து போடாதீர்கள். இந்த ஹைட்ரில்லாவை 1950களில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மீன் தொட்டிக்காகத்தான் கொண்டுபோனார்கள். சரியில்லை என்று கால்வாயில் எறிந்தார்கள். அது அங்கே ஏரி ஏரியாகப் பரவி, படகு போக முடியாமல் அடைத்துக்கொண்டது. நம் நாட்டில் ஆகாயத்தாமரை கதையும் அப்படியே. தென் அமெரிக்கச் செடி, பூ அழகுக்காக வந்தது. வங்காளத்தில் அதை ஒழிக்க 1936ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஓசூர்ப் பக்கத்து ஏரிகளில் தண்ணீரே தெரியாமல் மூடியிருப்பதும் அதுதான்.

நான் வெட்டியெடுக்கும் ஹைட்ரில்லாவை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுகிறேன். இப்போது உரம் அந்தப் பக்கம் போகிறது! துண்டுச் செடி வேண்டுபவர்கள் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஒரு பாட்டிலோடு வாருங்கள், தருகிறேன்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்