கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார்?

குழந்தைகளே, உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார்? அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா? வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள்!

இலங்கையில் இந்தக் கேள்வியால் லட்சக்கணக்கானோர் ஓட்டுரிமையை இழந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கூலிவேலைக்குப் போனவர்கள்தான் மலையகத் தமிழர்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு, தங்கள் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேரை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள்.

மறு ஆண்டே இடி விழுந்தது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அந்தத் தாத்தாவின் அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். அம்மா பிறந்த ஊர் கணக்கிலேயே இல்லை! லயத்து அறையில் பிறந்தவர்கள் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? 1949-ல் இன்னொரு சட்டத் திருத்தம்: குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. வாக்காளர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர்கள் மறைந்தன.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெற அதே ஆண்டு ஒரு வழி வைத்தார்கள். ஆனால் மணமானவர் 7 ஆண்டுகளும், மற்றவர்கள் 10 ஆண்டுகளும் தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். நுவரெலியாவில் 1947-ல் வென்ற எஸ். தொண்டைமான் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தது எப்போது தெரியுமா? 1977-ல்! முப்பது ஆண்டுகள்!

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்ற 9,75,000 பேரைப் பற்றி, 1964-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு. மிட்டாயைப் பங்கு போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட்டார்கள்! அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. ‘டான்டீ’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இலங்கையில் எஞ்சியவர்களுக்கு 2003-ல் தீர்வு வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வாரிசுகளும் இலங்கைக் குடிமக்களே என்றது புதிய சட்டம். கொள்ளுத்தாத்தா பிறந்த ஊரை அது கேட்கவில்லை.