திருகோணமலையில் ஒரு கடற்படைத் தளபதியின் கல்லறை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் மையவாடிகளிலே காணப்படும் பழைய மீசான் கட்டைகள் பெரும்பாலும் எழுத்தற்றவை. அங்கே அடங்கியிருப்பவர் இன்னார் என்பதைக் குடும்பத்து முதியவர் அறிவார். அவரும் மறைந்தபின் அறிவார் இலர். ஆங்கிலேயர் இத்தீவில் விட்டுச் சென்ற கல்லறைகளோ இதற்கு நேர்மாறானவை. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், வயது என்று அவை நிறையவே பேசுகின்றன. ஆயினும், அவ்வளவு பேசும் கல், தன்கீழ் உறங்கும் மனிதனைப்பற்றி உண்மையில் எவ்வளவு கூறுகின்றது? நம் கிழக்குக் கரையிலேயே உள்ள ஒரு கல்லறையைக்கொண்டு இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

கல்முனையிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்று, மட்டக்களப்பைக் கடந்தால் திருகோணமலை. 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம், 1957ஆம் ஆண்டுவரை அவர்களுடைய கடற்படைத் தளமாக விளங்கியது. அங்கே இங்கிலாந்துத் திருச்சபையாரின் புனித ஸ்தேவான் சேமக்காலையில், சார்ள்ஸ் ஜோன் ஒஸ்டின் என்னும் ரியர் அட்மிரல் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளின் கடற்படைத் தலைமைத் தளபதி, பர்மியப் போரிலே ஐராவதி நதியிற் படை நடத்துகையில், புரோம் நகருக்கு அண்மையில் 1852 ஒக்டோபர் 7ஆந் தேதி காலமானார், வயது 73. கல் தரும் செய்தி இவ்வளவே.

இதைப் படிப்பவர் மனத்தில் உடனே எழவேண்டிய வினா ஒன்று உண்டு. பர்மாவில் இறந்தவருக்குத் திருகோணமலையிற் கல்லறை எவ்வாறு வந்தது? இத்துறைமுகம் அவருடைய கடற்படையின் தளம் என்பது அதற்கு விடை. கல்லிலே பொறித்த வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு நின்றுவிடாமல், இவ்வாறு ஒரு வினாவைத் தொடுப்பதே ஆராய்ச்சியின் முதற்படி. எதனால் இறந்தார் என்பதையும் கல் சொல்லவில்லை. போரிற் குண்டடிபட்டார் என்று நாம் எண்ணிவிடக்கூடும். உண்மையில் அவரைக் கொன்றது வாந்திபேதி. ரங்கூன் பிடிபட்டபின் நோயுற்றுக் கல்கத்தாவில் ஓய்வு கொண்டிருந்த அவர், எழுபது வயதைக் கடந்த நிலையிலும் மீண்டும் படையணியோடு சேர்ந்து, ‘புளூட்டோ’ என்னும் நீராவிக் கப்பலில் ஆற்றின்மேல் சென்றபோது இம்முடிவை எய்தினார்.

இத்தகைய தேட்டத்திற்கு நமக்குத் துணையாகும் நூல் ஒன்று உண்டு. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பென்றி லூயிஸ் என்பார், தீவெங்குமுள்ள கல்லறைகளினதும் நினைவுச் சின்னங்களினதும் வாசகங்களைத் திரட்டி 1913ஆம் ஆண்டிற் கொழும்பிலே வெளியிட்டார். வாசகத்தோடு அவர் நிறுத்திவிடவில்லை. அடங்கியவருடைய வரலாற்றையும் இயன்றவரை தேடிச் சேர்த்தார். நினைவுக்கல்லே இல்லாமற் போனவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். மழையும் வெயிலும் கடற்காற்றும் கல்லைத் தின்றுவிட்ட இடங்களில், எழுத்து இன்று அவருடைய நூலிலேதான் வாழ்கின்றது. அடுத்து நாடவேண்டியது கோயிலின் அடக்கப் பதிவேடு. அதன்பின், படையிற் பணியாற்றியவர் எவராயினும், அவருடைய பதவி உயர்வுகள் அரசாங்கப் பட்டியல்களிலே ஆண்டு தவறாமற் காணப்படும். கடற்படையினரைப்பற்றி ஓபைர்ன் என்பவர் 1849இல் வெளியிட்ட வாழ்க்கை அகராதியிலே ஒஸ்டினுக்கும் இடம் உண்டு.

ஆனால், பதவிப் பட்டியல் மனிதன் ஏறிய படிகளையே காட்டும். சறுக்கிய இடங்களைக் காட்டாது. 1816 பெப்ரவரியில் ஒஸ்டினின் பொறுப்பிலிருந்த ‘பீனிக்ஸ்’ என்ற போர்க்கப்பல், துருக்கிக் கரைக்கு அப்பால் புயலில் உடைந்து அழிந்தது. இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. எனினும், அடுத்த பத்து ஆண்டுகள்வரை மற்றொரு கப்பலின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. சில ஆண்டுகள் இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையோரக் காவலிற் கழிந்தன. கரைதட்டிய தோணிக்காரனின் பெயரில் ஊர் வைக்கும் ஐயம் எத்தகையதென்பது நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று.

துயரமும் அவருக்குக் குறைவில்லை. 1807இல் பெர்முடாத் தீவிலே பனி பாமர் என்னும் இளம்பெண்ணை மணந்தார். 1811 முதல் அவர் தலைமை தாங்கிய ‘நாமூர்’ என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் நிலையாக நின்றிருந்தது. அக்கப்பலையே வீடாகக்கொண்டு அப்பெண் பிள்ளைகளை வளர்த்தாள். நான்காவது குழந்தையைப் பெற்றபின், 1814 செப்டெம்பரில் அக்கப்பலிலேயே இறந்தாள், வயது இருபத்துநான்கு. குழந்தையும் நிலைக்கவில்லை. அவள் எழுதிய கடிதங்கள் இன்று அச்சேறியுள்ளன. ஒஸ்டினின் நாட்குறிப்புகள் கிறீனிச்சிலுள்ள கடல்சார் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. அவற்றைப் படித்த பின்னரே அட்மிரல் என்ற பட்டத்திற்குப் பின்னே நின்ற மனிதனை நாம் காண்கிறோம்.

இவ்வளவு தேடிக்கண்ட ஒருவரிடம் நமக்குப் பரிவு தோன்றுவது இயல்பு. அப்பரிவு அவர் நடத்திய போரை மறைத்துவிடலாகாது. ரங்கூனில் இரண்டு ஆங்கிலக் கப்பற் தலைவர்கள்மீது ஆளுநர் விதித்த தண்டமே போருக்குக் காட்டப்பட்ட காரணம். முதலிற் கோரப்பட்ட நட்டஈடு ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். போர் மூளும் வேளையில் அது பத்து இலட்சமாக வளர்ந்துவிட்டது. ஒஸ்டின் இறந்த சில நாட்களில் புரோம் பிடிபட்டது. அந்த ஆண்டு டிசெம்பரில் கீழ்ப் பர்மா ஆங்கில ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. இச்செயலை இங்கிலாந்திலேயே றிச்சட் கொப்டன் என்ற அரசியலறிஞர் மறு ஆண்டில் வன்மையாகக் கண்டித்து எழுதினார். ஐராவதிக் கரையில் மடிந்த பர்மியருக்குத் திருகோணமலையிற் கல் எவரும் நாட்டவில்லை.

இனி, இக்கல்லறையைத் தேடி இன்று பிறநாட்டார் வருவதற்குக் காரணமான செய்தி ஒன்று எஞ்சியிருக்கின்றது. அதைக் கல் சொல்லவேயில்லை. இந்தச் சார்ள்ஸ், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. 1801ஆம் ஆண்டில், எதிரிக் கப்பலொன்றைப் பிடித்ததில் தம் பங்காக முப்பது பவுண் கிடைத்தபோது, இளம் அதிகாரியான அவர் தம் சகோதரியர் இருவருக்கும் பொற்சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். ஜேன் அதைக் கடிதமொன்றிற் செல்லமாகக் கடிந்து எழுதினார். பின்னர், 1814இல் வெளிவந்த ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ என்ற நாவலிலே, கடற்படையிலுள்ள அண்ணன் தங்கைக்குச் சிலுவையொன்று பரிசளிக்கிறான். தம்பியின் அன்பு கதைக்குள் புகுந்துவிட்டது. சோட்டன் என்னும் ஊரில் ஜேன் வாழ்ந்த இல்லத்தில் அச்சிலுவைகள் இரண்டையும் இன்றும் காணலாம்.

தம்பிக்கு ஜேன் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பது ஒரேயொரு கடிதம். 1817 ஏப்ரல் 6ஆந் தேதி, நோயிற் கிடந்தபடி எழுதியது. நான்கு திங்களுக்குள் அவர் மறைந்தார். அன்புச் சகோதரியின் கடைசிக் கடிதம் இது என்று சார்ள்ஸ் தம் கையாலேயே அதன்மீது குறித்து வைத்துக்கொண்டார்.

திருகோணமலைக் கல்லைக் குறை கூறுவதற்கும் இல்லை. 1852இல் ஒரு தளபதியின் கல்லறையில் அவருடைய சகோதரியின் பெயரைப் பொறிக்கும் எண்ணம் எவருக்குத் தோன்றியிருக்கும்? வின்செஸ்டர்ப் பேராலயத்தில், ஜேன் ஒஸ்டினின் கல்லறை மீது 1817இற் பதித்த கல்லும் அவருடைய குணநலன்களையும் மனவளத்தையும் போற்றுகின்றதேயன்றி, அவர் நாவல் எழுதியவர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அச்செய்தியைத் தாங்கிய பித்தளைத் தகடு 1872ஆம் ஆண்டிலேதான் அருகிலுள்ள சுவரில் ஏறியது.