குழவியின் முதல் உரையாடல்

குழந்தை பேசத் தொடங்குவது எப்போது? ஒரு வயதில் என்பீர்கள். சொல் தோன்றுவது அப்போதுதான். உரையாடல் அதற்கு முன்பே தோன்றிவிடுகிறது. பிறந்து ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆனதும், "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறது" என்று நம் தாய்மார்கள் மகிழ்வார்களே, அன்றே அது தொடங்கிவிட்டது. தாய் சிரிக்கிறாள், சேய் சிரிக்கிறது. சேய் "ங்கா" என்கிறது. தாயும் "ங்கா" என்கிறாள். பொருளற்ற விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மனிதனின் அன்பும் அச்சமும் நம்பிக்கையும் வேர் விடுகின்றன என்பர் உளவியலார்.

இலக்கிய வகுப்பில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்தும் விட்டோம் அல்லவா? அவற்றை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் திங்களில் தலையெடுத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் கை கொட்டும் சப்பாணி, பதினோராம் திங்களில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரரும் இந்த முறையில் பாடினர். இப்பாடல்கள் குழந்தையைப் பற்றிப் பேசுவதோடு நிற்பதில்லை, குழந்தையோடு பேசுகின்றன. கை கொட்டு, முத்தம் தா, வா என்று ஒவ்வொரு பருவமும் குழந்தையிடம் ஒரு மறுமொழியைக் கேட்கிறது.

அம்புலிப் பருவத்தை நான் பெரிதும் வியக்கிறேன். அதுவரை தாயும் சேயும் ஒருவரையொருவர் பார்த்தனர். இப்போது இருவரும் மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்ந்து பார்க்கின்றனர். தாய் நிலவைக் காட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பாராமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பிறகு தானே விரல் நீட்டிக் காட்டுகிறது. 'நான் காண்பதை நீயும் காண்' என்னும் இந்த ஆசையே மொழிக்கு வாயில். ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லையாயின் மருத்துவரிடம் காட்டுவது நல்லது என்பது இதனால்தான். எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்ட நான் வரவில்லை. புலவர்கள் வீட்டு முற்றத்தில் கண்டதைப் பாடினார்கள். கண்டது சரியாக இருந்தது, அவ்வளவே.

அந்த மறுமொழி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலார் எட்வர்ட் டிரோனிக்கும் அவருடைய துணைவர்களும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாய் முதலில் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இன்றி வெறுமனே பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டிப் பார்க்கிறது. குரல் கொடுத்துப் பார்க்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்கிறது. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. முகம் மறுமொழி தரவில்லை. அதுவே அதற்குப் பெருந்துயராகிவிட்டது.

அப்படியாயின் தாய் வேலைக்கே போகக் கூடாதா என்று சிலர் சினக்கலாம். அவ்வாறு சொல்பவரோடு எனக்கும் உடன்பாடு இல்லை. மேரி எயின்ஸ்வொர்த் என்னும் அம்மையார் 1950களில் உகாண்டா நாட்டுச் சிற்றூர் வீடுகளில் அமர்ந்து தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தார். தாயை நிலைக்களமாகக் கொண்டு குழந்தை தவழ்ந்து சென்று உலகைத் துழாவுவதையும், அஞ்சியதும் அவளிடமே ஓடி வருவதையும் விரிவாக எழுதினார். அந்த நிலைக்களம் ஆச்சியாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம், அண்டை வீட்டு அத்தையாகவும் இருக்கலாம். ஆனால் நாளுக்கொருவராக மாறக் கூடாது. எட்டு மாதக் குழந்தை வேற்றுமுகம் கண்டு வீறிடுவது குறையன்று. தன்னவர் யார் என்று அது தெரிந்துகொண்டதன் அடையாளம்.

இனி நம் சயானுக்கு வருவோம். இங்குள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையை நாம் சயான் ஆஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் அங்கே தோன்றியது. நிறுவியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். குறைமாதத்தில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு, ஊர் பேர் அறியாத வேறொரு தாயின் பால் கிடைத்தது. அவரே 1999இல் 'ஸ்நேஹா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அது தாராவியில் தாய் சேய் நலப் பணி புரிகிறது.

எடை குறைந்த குழந்தையைப் பெட்டிக்குள் தனியே வைப்பதே மருத்துவம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கருவிப் பெட்டிகள் போதாமையால், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டினர். கங்காரு முறை என்பது அதுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கினால் முதல் மாத இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டிற்று. தாயின் அணைப்பு உள்ளத்துக்கு மட்டுமன்று, உயிருக்கும் மருந்தாயிற்று.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகு? தாராவிச் சந்துகளில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. தாய் மாட்டுங்காவில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கப் போயிருக்கிறாள். அவள் குழந்தையோ எட்டு வயது அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காவுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. நாளையும் இருக்குமா என்பது ஐயமே.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியபோது, அவற்றுள் தாராவியும் ஒன்று. ஆனால் அங்கன்வாடியின் பாட்டும் விளையாட்டும் மூன்று வயது நிறைந்த பிள்ளைகளுக்கே. அதற்குக் கீழ்ப்பட்டவர்க்குப் பெரும்பாலும் எடை பார்த்தலும் சத்துமாவுப் பொட்டலமும்தான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை இங்கே நினைக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு பேசுவது, விளையாடுவது பற்றி அங்கன்வாடிப் பணியாளர்க்கு வழிகாட்டும் 'நவசேதனா' என்னும் ஏட்டை ஒன்றிய அரசு 2024இல்தான் வெளியிட்டது. காலம் கடந்து வந்தாலும் வரவேற்கத் தக்கதே.

தோழர்களே, நம்மில் சிலர் ஞாயிறுதோறும் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். இடுப்பில் தம்பியோடு வரும் சிறுமியை, "குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவள் திரும்பி வருவதில்லை. அதை விடுத்து, அறையின் ஒரு மூலையில் பாய் விரிப்போம். முறை வைத்துக்கொண்டு, ஆனால் மாதம் முழுவதும் ஒருவரே, அங்கே உட்காருவோம். பொம்மைகள் வாங்கப் பணம் திரட்ட வேண்டாம். இரண்டு எவர்சில்வர் தம்ளரும் ஒரு கரண்டியும் போதும். குழந்தை தட்டினால் நாமும் தட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு அந்தப் பாயில் உட்காருவதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதற்கடுத்த மாதத்துக்கு ஒருவர் தேவை.