மலையகத்தில் கட்டட விதிகளும் உற்பத்தி உறவுகளும்: நுவரெலியாவை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

கட்டட விதிகள் சுவரின் தடிப்பு, சாளரத்தின் அளவு, வீதியோரத்தில் விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றை வரையறுப்பவை. எனவே சமுதாய ஆய்வாளனுக்கு அவற்றில் வேலையில்லை என்பது பொதுவான எண்ணம். ஒரே நாட்டின் அயற்பிரதேசங்களிடையே இவ்விதிகள் வேறுபடுவதும் புதுமையன்று. இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் தனித்தனிக் கட்டட விதிகளையே கொண்டுள்ளன. அவற்றின் சட்ட மரபுகள் வேறானவை என்பது அதற்குப் போதிய விளக்கமாகும். ஆனால் நுவரெலியா மாவட்டத்திலே ஒரே மழையும் ஒரே குளிரும் ஒரே சரிவும் கொண்ட மலைப்பகுதியில், நகரத்தின் எல்லையைக் கடந்து தேயிலைத் தோட்டத்தினுட் புகுந்ததும், வீடு பற்றிய சட்டத்தின் மொழியே மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தைத் தட்பவெப்பத்தாலோ மரபாலோ விளக்கிவிட முடியாது. நிலத்தோடு மனிதர் கொண்டுள்ள உறவே இதற்குரிய விளக்கத்தைத் தரவல்லது.

நகரத்தை முதலில் நோக்குவோம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இலங்கையின் கட்டட ஒழுங்குமுறைக்கு அடிப்படையாக அமைந்தது. உள்ளூராட்சி அதிகாரியிடம் வரைபடத்தைச் சமர்ப்பித்து அனுமதி பெறாது கட்டடம் எழுப்பலாகாது. ஒளியும் காற்றும் புகுதற்கு இடம் விடுதல் வேண்டும். முடிந்த கட்டடம் விதிகளுக்கு இணங்கியதெனச் சான்றிதழ் பெற்ற பின்னரே அதிற் குடியேறலாம். 1978இன் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதன்கீழ் 1986இல் வெளியான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளும் பிரகடனப்படுத்தப்பட்ட நகரப்பகுதிகளில் இவற்றை மேலும் விரித்தன. இவ்விதிகள் யாவும் நிலத்தின் உடைமையாளனையே விளித்துப் பேசுகின்றன. காணி அவனுடையது, வீடு அவனுடையது, அதனைக் கட்டுபவனும் அவனே என்ற எடுகோளின்மீதே அவை எழுந்துள்ளன.

தோட்டத்து வாழிடத்தையோ முற்றிலும் வேறான சட்டங்கள் ஆண்டன. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் லயங்களைச் சுகாதார நிலையிற் பேணும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. மூன்று ஆண்டு இடைவெளியில் தோன்றிய இச்சட்டங்களின் பெயர்களை அருகருகே வைத்து நோக்குதல் தகும். நகரவாசிக்குச் சட்டம் வீட்டையும் நகர அபிவிருத்தியையும் பேசிற்று. தொழிலாளிக்கு நோயைப் பேசிற்று. முன்னையதில் மனிதன் உடைமையாளனாகவும் பின்னையதில் உழைப்புச் சக்தியாகவும் காணப்படுகின்றான். நோய்வாய்ப்பட்ட உழைப்புச் சக்தி கொழுந்து பறிக்காது. ஆதலின் அதனைப் பேணுதல் உற்பத்திச் செலவின் ஒரு கூறு. லயம் இந்நோக்கில் வீடன்று. தேயிலைத் தொழிற்சாலையைப் போன்று தோட்டத்தின் ஓர் உபகரணமேயாகும்.

10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா, அதன் முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. இதுவே லயக் குடியிருப்பின் பரவலான வடிவம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் பின்வாசலோ பின்சாளரமோ இல்லை. இங்கிலாந்திலே தொழிற்புரட்சி பெற்றெடுத்த இத்தகைய முதுகொட்டிய வீடுகளைக் கட்டுதல் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தாய்நாட்டிற் கண்டிக்கப்பட்ட வடிவம் காலனியத் தோட்டத்தில் நிலைத்தது. அவ்வகை லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். சொல்வழக்கும் இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றது. லயன் ஆங்கிலம் தந்தது. காம்பரா போர்த்துக்கேயம் தந்தது. இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழி வந்தது. தம் மலையக நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று சி. வி. வேலுப்பிள்ளை பெயரிட்டமை வெறும் உருவகமன்று. சட்டப்படியும் அது மெய்யே.

தோட்டத்திற்கும் அயற்கிராமத்திற்குமிடையே இதேபோன்ற எல்லையொன்றை உள்ளூராட்சியும் வரைந்தது. காலனிய காலத்துக் கிராமச் சபைகளின் வாக்குரிமையிலிருந்து தோட்டங்களில் வசித்த தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவ்விலக்கை முழு நாட்டுக்கும் விரித்தது. பின்வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாகப் பொருள்கொள்ளப்பட்டது. குடியுரிமை மீண்ட பின்னர் தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவன் வாசற்படிக்கு வரும் பாதையைச் செப்பனிட முடியாது. 2018இல் நிறைவேறிய திருத்தம் இத்தடையை நீக்க முற்பட்டது. எனினும் நிலத்தின் உடைமை மாறாதிருக்கையில் சபையின் அதிகாரம் தோட்டத்தினுள் தயங்கியே நுழைகின்றது.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அது நீண்டகாலக் குத்தகையாயிற்று. இம்மாற்றங்களுள் எதுவும் காம்பராவைக் குடியிருப்பாளனின் உடைமையாக்கவில்லை. தொழில் தருபவனே வீட்டுச் சொந்தக்காரனுமாகும்போது வேலைநிறுத்தஞ் செய்யும் தொழிலாளி கூலியோடு கூரையையும் இழக்க நேர்வதை எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதுகையிற் சுட்டிக்காட்டினார். மலையகத்தில் இப்பிணைப்பு தலைமுறைகளைக் கடந்து நீடித்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கடுமையான கட்டட விதிகள் ஏழைக்குச் சுமையே. அவற்றிலிருந்து விலகியிருத்தல் தோட்டத் தொழிலாளிக்கு நன்மையன்றோ? நகரத்து ஏழையைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மையுண்டு. வரைபடக் கட்டணமும் ஆகக்குறைந்த காணி அளவும் அவனைச் சட்டத்துக்குப் புறம்பே தள்ளிவிடுகின்றன. ஆனால் லயத்துவாசி விதியிலிருந்து விடுபட்டவனல்லன். குசினிக்கு ஒரு தகரத் தாழ்வாரம் இறக்குவதற்கும் அவன் நிருவாகத்தின் இசைவை நாடவேண்டியுள்ளது. விதி அவனுக்கும் உண்டு. அது கேள்விக்குட்படாத தனியார் விதியாக உள்ளது என்பதே வேறுபாடு.

மண்சரிவு இவ்வேறுபாட்டை உயிர் சம்பந்தமான விடயமாக்குகின்றது. சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டட அனுமதி பெறுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இசைவையும் பெறவேண்டும் என்பது 2011 முதல் நடைமுறை. இது புதிதாகக் கட்டுவோருக்கான காப்பு. நூற்றாண்டுக்கு முன் எவர் அனுமதியுமின்றிச் சரிவிலே நிறுத்தப்பட்ட லயத்துக்கு அனுமதி கோருபவர் யார்? அயலிலுள்ள பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் மண்ணில் புதைந்தன. எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. குடிபெயர்வதற்குச் சொந்த நிலமில்லாத மக்களுக்கு எச்சரிக்கை மட்டும் அரணாகாது.

அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டங்கள் 7 பேர்ச் காணியை முன்வைத்தன. நகர விதிகளிற் பழக்கமான ஆகக்குறைந்த அளவாகிய 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சை, அது சற்றே விஞ்சுகின்றது. ஆகவே அளவிலே இடைவெளி குறைந்துவிட்டது எனலாம். ஆனால் உறுதிப்பத்திரம் கைக்கு வராத வீட்டில் வாழ்பவன் வரைபடத்தில் எந்தப் பெயரில் ஒப்பமிடுவான்?

எனவே நகர விதிகளைத் தோட்டத்துக்கும் நீட்டிவிட்டாற் பிரச்சினை தீரும் என்ற சீர்திருத்த வாதம் அரைவழியிலேயே நின்றுவிடுகின்றது. சட்டம் யாரை விளிக்கின்றது என்ற வினாவே முதன்மையானது. காணியுரிமை தொழிலாளியின் கைக்கு மாறும்போதுதான் அவன் கட்டட விதிகளின் பொருளாக இருக்கும் நிலை நீங்கி, அவற்றின் முன் உரிமையோடு நிற்கும் குடிமகனாவான். அதுவரை நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான கட்டட விதி வேறுபாட்டை வர்க்க எல்லை என்றே நாம் வாசித்தல் வேண்டும்.